வேலூர்ப் பக்க அறக்கட்டளைகள்: கொடுக்கிறவர் எதைக் கேட்கலாம், நடத்துகிறவர் எதைக் காட்ட வேண்டும்?

பாலாற்றங்கரை:
வேலூர் லாங்கு பஜாரில் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தால் போதும். அன்னதானம், முதியோர் இல்லம், படிப்புச் செலவு, ஆபரேஷன் செலவு என்று நாலு ரசீது புத்தகமாவது வந்து நிற்கும். கடைக்குக் கடை உண்டியலும் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் ஒரே ஒரு அமைப்பில் பணம் கையாடியதாகப் பேச்சு கிளம்பினால் அடுத்த ஆறு மாதத்துக்கு எல்லா உண்டியலும் காலியாகவே கிடக்கும். கொடுக்கிறவர் நின்ற நிலையில் எதைப் பார்க்கலாம், நடத்துகிறவர் உள்ளே எதைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்று கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் அவரவர் புனைபெயரிலேயே எழுதுங்கள். 'வெளிப்படைத்தன்மை வேண்டும்' என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட வேண்டாம்.

ஐந்தொகை:
ரசீதிலிருந்து தொடங்குகிறேன். முதல் ஓட்டை விழுவது அங்கேதான்.

ரசீதில் வரிசை எண் அச்சிலேயே இருக்க வேண்டும். கையால் எழுதிய எண், ரப்பர் ஸ்டாம்ப் எண் இரண்டும் கூடாது. அமைப்பின் முழுப்பெயர், பதிவு எண், பான் எண், 80ஜி (கொடுத்தவருக்கு வரிச் சலுகை தரும் பிரிவு) உத்தரவு எண், பணம் எந்தக் காரியத்துக்கு என்ற ஒரு வரி, இவ்வளவும் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

உள்ளே 'ரசீது புத்தக இருப்புப் பதிவேடு' என்று ஒன்று வேண்டும். எத்தனை புத்தகம் அச்சானது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, யாரிடம் எந்தத் தேதியில் போனது, எப்போது திரும்பியது, வாங்கியவர் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். கணக்கு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முன்னால் வைத்த புத்தகங்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அச்சகத்து பில்லில் 20 புத்தகம், பதிவேட்டில் 18 புத்தகம் என்றால் அந்த இரண்டில் எவ்வளவு வசூலானது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் பதிவேட்டைத் திறக்கும் முன் அச்சகத்து பில்லைக் கேளுங்கள்.

கார்பன் வித்தையும் உண்டு. நடுவில் ஒரு அட்டையைச் செருகி, மேல்தாளில் 5,000 எழுதிக் கொடுத்துவிட்டு அடித்தாளில் 500 என்று தனியாக எழுதுவது. அடித்தாளைத் திருப்பி விரலால் தடவினால் தெரியும். பெயரும் தேதியும் மேலிருந்து வந்த ஒரே அழுத்தத்தில் இருக்கும், தொகை மட்டும் வேறு அழுத்தத்தில் இருக்கும். இதைவிட உறுதியான வழி, கொடுத்தவர்களில் பத்துப் பதினைந்து பேரை அங்கங்கே பொறுக்கி எடுத்து, 'இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தீர்களா' என்று தணிக்கையாளரே நேராகக் கேட்பது. 'கேன்சல்' என்று எழுதிய ரசீதின் மேல்தாள் அடிக்கட்டையோடு பின் அடித்து இருக்க வேண்டும். மேல்தாள் இல்லாவிட்டால் அது வசூலான ரசீது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டும் இரண்டு பேரிடம். கடைக்காரர் முன்னிலையில் திறந்து, நோட்டு வாரியாகச் சீட்டு எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, அடுத்த வேலை நாளில் முழுத் தொகையையும் வங்கியில் கட்ட வேண்டும். முழுத் தொகை என்பது முக்கியம். 'வசூல் 8,400, அதில் ஆட்டோ 300, டீ 150 போக மீதி கட்டினோம்' என்று தொடங்கினால் வசூலும் தப்பாகும், செலவும் தப்பாகும். சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாய் போல தனிக் கைரொக்கம் வைத்து, வவுச்சர் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் நிறைய பேர் கவனிப்பதில்லை. உண்டியல் பணத்துக்குப் பெயர், முகவரி கிடையாது. அப்படிப் பெயர் தெரியாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்க மதக் காரியத்துக்கான அமைப்புக்கு இந்த விதி கிடையாது. தர்ம காரியம் மட்டும் செய்கிற அமைப்பு உண்டியலை நம்பியே ஓடினால் வசூலில் ஒரு பங்கு வரிக்கே போகும்.

காட்பாடி ஜங்ஷன்:
ஐந்தொகை சார், இப்போது உண்டியலைவிட க்யூஆர் அட்டைதான் அதிகம். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். செயலாளர் பெயரோ அவர் மனைவி பெயரோ வந்தால் பணம் அனுப்ப வேண்டாம். அந்தப் பணம் சட்டப்படி அவருடைய சொந்தக் கணக்கில் விழுகிறது. நாளை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுகள் உரிமை கேட்பார்கள், அமைப்பு வெறுங்கையோடு நிற்கும்.

நடத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒட்டிய அட்டை மேல் வேறு ஒருவர் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகலாம். மாதம் ஒரு தடவை கடை கடையாக ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அடுத்தது ஓடிபி போகும் செல்போன் எண். காசோலையில் இரண்டு கையெழுத்து வைத்திருப்பார்கள், நெட் பேங்கிங்கில் ஒரே ஆள் பதிந்து ஒரே ஆள் அனுப்புவார். இரட்டைக் கையெழுத்துக்கு அங்கேயே அர்த்தம் போய்விடுகிறது. ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் கொடுக்க என்று வங்கியில் எழுதிக் கொடுத்தால் செய்து தருவார்கள். அந்த சிம் கார்டும் அமைப்பின் பெயரில் இருக்கட்டும்.

வழக்கேடு:
எந்த அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரியாமல் புகார் எழுதுவதால்தான் பாதிப் புகார்கள் வீணாகின்றன.

பொது அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம். பதிந்ததோடு சார்பதிவாளர் வேலை முடிந்தது, வருடா வருடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1882 இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைக்கானது. மகாராஷ்டிரத்தில் 1950-லிருந்து பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். நமக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை.

சங்கம் என்றால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், மாவட்டப் பதிவாளர். கோயில் கட்டளை என்றால் அறநிலையத் துறை. வக்ஃபு என்றால் வக்ஃபு வாரியம். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிந்திருந்தால் கம்பெனிப் பதிவாளர். வெளிநாட்டுப் பணம் வந்தால் உள்துறை அமைச்சகம். வரிவிலக்கு வாங்கியிருந்தால் வருமான வரித் துறை.

வட ஆற்காட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 1989-க்கு முந்தைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும், அதன்பின் சில ஆண்டுகள் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று இருக்கும், அதற்கும் பிறகு பதிந்ததில் வேலூர் என்று இருக்கும். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி ஒரு பக்கம், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. வருவாய் மாவட்டம் வேறு, பதிவு மாவட்டம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பத்திரம், பான், வங்கி, 12ஏபி (வருமான வரி விலக்குக்கான பதிவு) நான்கிலும் முகவரி ஒன்றாக இல்லாவிட்டால் விண்ணப்பம் ஒவ்வொரு மேஜையிலும் நிற்கும். முதலில் நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு ஒவ்வொரு இடமாகத் திருத்திக்கொண்டு வாருங்கள்.

குடியாத்தத்துப் பெண்:
சங்கங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தேர்தல் முடிந்து நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். வருடாந்திரப் பொதுக்குழு, வரவு செலவு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் வருடா வருடம் தாக்கல் ஆக வேண்டும்.

தப்பு எப்படி நடக்கிறது என்றால், ஒரே ஆட்கள் பத்து வருடம் தொடர்கிறார்கள், தாக்கல் நின்றுபோகிறது, யாரும் கேட்பதில்லை. கட்டடமோ பள்ளியோ வந்து மதிப்பு ஏறியதும் இரண்டு கோஷ்டி ஆகிறது. இரண்டும் தனித்தனிப் பொதுக்குழு நடத்தி, தனித்தனிப் படிவம் 7 கொண்டுவந்து நீட்டுகின்றன. எந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை பதிவாளருடையது இல்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போ என்று முடியும். அது முடிகிற வரை வங்கிக் கணக்கு முடங்கும், சம்பளம் நிற்கும், பிள்ளைகள்தான் அவதிப்படுவார்கள்.

இதைத் தடுக்கிற ஒரே காகிதம் உறுப்பினர் பதிவேடு. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், சந்தா எந்த ரசீதில் கட்டினார், யார் விலகினார் என்று அன்றன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய மாதம் நாற்பது பேரைச் சேர்த்ததாகப் பழைய தேதி போட்டு எழுதினால், சந்தா வங்கியில் கட்டிய தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் 36-ஆம் பிரிவில் பதிவாளர் விசாரிக்கலாம். கலெக்டர் சொன்னாலும் விசாரிக்கலாம், தானாகவும் எடுக்கலாம். வெளியாள் ஒருவர் தனியாக மனுக் கொடுத்தால் அதே வேகம் இருக்காது.

பாலாற்றங்கரை:
அப்படியானால் பொது அறக்கட்டளையில் தப்பு நடந்தால் ஊர்க்காரர்களுக்கு வழியே இல்லையா? மகாராஷ்டிரம் மாதிரி ஒரு ஆணையர் வேண்டும் என்றுதானே இது போய் முடிகிறது?

வழக்கேடு:
வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு. அந்த அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் அல்லது அதற்கு மேல், நீதிமன்ற அனுமதி பெற்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கச் சொல்லலாம், கணக்குக் காட்ட வைக்கலாம், நிர்வாகத் திட்டம் வகுக்கச் சொல்லலாம். அனுமதி கேட்கும்போது சொந்தப் பகைக்காக வந்தது போல் தெரிந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். பத்திர நகல், சொத்து விவரம், எந்த வருடத்து எந்தச் செலவு தப்பு என்ற துல்லியமான குறிப்பு, இந்த மூன்றோடு போக வேண்டும்.

ஆணையர் வேண்டும் என்பதே என் கருத்து. முக்கியமாகச் சொத்து விற்பனைக்கு. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளை நிலத்தை விற்க ஆணையரின் முன் அனுமதி வேண்டும். இங்கே பாட்டன் காலத்தில் சத்திரத்துக்கு எழுதி வைத்த நிலத்தை மூன்று அறங்காவலர் கையெழுத்துப் போட்டுக் கைமாற்றிவிட்டு, ஊருக்குத் தெரியும்போது அதில் வீடே எழும்பியிருக்கும். 92-ஆம் பிரிவு தப்பு நடந்தபின் ஓடுகிற வழி.

குடியாத்தத்துப் பெண்:
இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை ஐயா. சங்கங்களுக்குப் பதிவாளர் இருக்கிறாரே, அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? தாக்கல் ஆகிற காகிதத்தை யாரும் பிரித்துப் படிப்பதில்லை என்பதுதான் நோய். இங்கிலாந்தில் 1853-லிருந்து அறக்கட்டளை ஆணையம் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது அதிகாரம் இல்லை, பதிவேடுதான். அமைப்பின் பெயரைத் தட்டினால் அறங்காவலர் யார், வரவு எவ்வளவு, கணக்கு நேரத்துக்கு வந்ததா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த ஒன்று முதலில் வரட்டும். இன்னொரு முன் அனுமதி மேஜை வந்தால், நேர்மையாகக் கூரை மாற்ற நினைக்கிற சின்ன இல்லமும் அங்கே வரிசையில் நிற்கும்.

வழக்கேடு:
பதிவேடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை அம்மா. நிலத்துக்கு மட்டுமாவது முன் அனுமதி வேண்டும் என்பதை நான் விட மாட்டேன். செலவான பணத்தைக் கேட்டு வாங்கலாம், போன நிலம் திரும்புவது அபூர்வம்.

ஐந்தொகை:
ஆணையர் வரும்போது வரட்டும். இன்றைக்கு அறக்கட்டளைகளை வருடா வருடம் நெருக்கிப் பிடிப்பது வருமான வரிதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி பிரிவு எண்கள் வேறு. பழகிய பழைய எண்களிலேயே எழுதுகிறேன்.

12ஏபி பதிவு நிரந்தரமில்லை. தற்காலிகம் 3 ஆண்டு, வழக்கமானது 5 ஆண்டு, ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் இருக்கிற அமைப்புக்கு 10 ஆண்டு வரை தரலாம் என்று 2025-ல் மாற்றினார்கள். முடிவதற்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2021-ல் மறுபதிவு வாங்கிய பழைய அமைப்புகளின் அந்தப் பதிவுக்காலம் 2026 மார்ச் 31 வரைதான். புதுப்பிக்காமல் விட்டால் சொத்து மதிப்பில் கடன் போக மீதிக்கே உச்ச விகிதத்தில் வரி கேட்கலாம். ஐம்பது வருடம் சேர்த்த கட்டடம் ஒரு தேதியை மறந்ததால் ஆபத்தில் மாட்டும்.

வருமானத்தில் 85 சதவீதம் அந்த வருடமே காரியத்துக்குச் செலவாக வேண்டும். முடியாவிட்டால் படிவம் 10-ல் எந்தக் காரியத்துக்கு என்று சொல்லி 5 ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். 'பொதுக் காரியங்களுக்கு' என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. 'மாணவியர் விடுதி முதல் தளம் கட்ட' என்று எழுதுங்கள். வைக்கிற இடமும் சட்டம் சொன்ன இடமாக இருக்க வேண்டும்: வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம் போன்றவை. தெரிந்தவர் நடத்தும் சீட்டில் போடுவது, தோல் வியாபாரத்துக்கு வட்டிக்கு விடுவது, அதிக வட்டி சொல்லும் நிதி நிறுவனத்தில் போடுவது, மூன்றும் கூடாது. போட்ட பணம் பத்திரமாகத் திரும்பி வந்தாலும் அது மீறல்தான்.

ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கணக்கில் நிற்காது. அன்னதானத்துக்கு அரிசி வாங்கும்போது இதுதான் அடிக்கடி சறுக்குகிற இடம். மண்டிக்காரர் ரொக்கம் கேட்டாலும் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அறங்காவலர் தன் தம்பியின் வேனைச் சந்தை வாடகைக்கு மேல் எடுத்தால், அதிகம் போன தொகைக்கு 30 சதவீத வரி, அதோடு அந்த அதிகத் தொகை அளவுக்கே அபராதம். மறுபடி செய்தால் அபராதம் இரட்டிப்பு. உறவினரிடம் வாங்கவே கூடாது என்று இல்லை. மூன்று விலைப்பட்டியல் வாங்கி, அந்த அறங்காவலர் கூட்டத்தை விட்டு வெளியே போனபின் மற்றவர்கள் முடிவெடுத்து, அப்படியே குறிப்பேட்டில் எழுதினால் தாங்கும்.

கொடுக்கிறவர்களுக்கு: 80ஜி சலுகைக்கு ரொக்கம் 2,000 வரைதான். பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு, புதிய வரி முறையில் இருந்தால் ஒன்றும் கழியாது. ரசீது மட்டும் போதாது, 10பிஇ என்ற நன்கொடைச் சான்று வர வேண்டும். அமைப்பு மே 31-க்குள் 10பிடி என்ற நன்கொடை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அது வரும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஜூனில் சான்று வராவிட்டால் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற அமைப்பா, அன்றைக்கே தேடி அனுப்புகிற அமைப்பா என்பதும் தெரிந்துவிடும்.

காட்பாடி ஜங்ஷன்:
வேலூருக்கே உரிய ஒன்று மருத்துவ உதவி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிற குடும்பங்களின் கஷ்டம் நிஜம். அதே பில்லை நகலெடுத்து நாலு குழுவில் வசூல் பண்ணுகிறவர்கள் இருப்பதும் நிஜம்.

பில்லில் நோயாளியின் மருத்துவமனை எண், தேதி, எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். உத்தேச மதிப்பீட்டுத் தாள் வேறு, பில் வேறு. மதிப்பீட்டில் இருக்கிற தொகை முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். பணத்தை ஆள் கையில் தராமல், நோயாளி எண்ணுக்கு மருத்துவமனையிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். உதவி செய்கிற அமைப்புகள் தங்களுக்குள் நோயாளி எண்ணைச் சரிபார்த்துக்கொண்டால் இரட்டை வசூல் அன்றைக்கே நிற்கும். ஆனால் நோயாளியின் முகத்தையும் நோயையும் முகநூலில் போட்டுத்தான் நிரூபிக்க வேண்டும் என்று யாரும் கேட்காதீர்கள். சரிபார்ப்பதற்கு எண் போதும்.

குடியாத்தத்துப் பெண்:
இல்லங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கிற இல்லம் என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டப் பதிவு வேண்டும், பெண்கள் விடுதி என்றால் 2014 தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் கலெக்டர் உரிமம். பிறந்தநாள் சாப்பாடு போடப் போகிறவர்கள் வரவேற்பறையில் அந்தச் சான்று மாட்டியிருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிற இல்லத்துக்கு நான் கொடுக்க மாட்டேன்.

பாலாற்றங்கரை:
2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தின்போது நிறைய பேர் வசூல் செய்தார்கள். அப்படி அவசரத்துக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தால் அதை எப்படிக் காட்டுவது?

வழக்கேடு:
வெள்ளத்துக்கு என்று கேட்டு வாங்கியது வெள்ளத்துக்கே. அதைச் சம்பள பாக்கிக்கு எடுக்கக் கூடாது. தனிப் பேரேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. துண்டறிக்கை அடிக்கும்போதே 'தேவை முடிந்து மிச்சமானால் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. அந்த வரி இல்லாவிட்டால், சிறிய தொகை என்றால் கொடுத்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். பெரிய தொகை, கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், நோக்கத்தை மாற்றும் அதிகாரம் 92-ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது.

ஷெல் என்ற அமெரிக்கர் மறைந்த மனைவியின் நினைவாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரிடம் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் இங்கே மருத்துவமனை எழுந்தது. ஷெல் என்ற பெயர் இன்னும் ஊரில் நிற்கிறது. சொன்ன காரியத்துக்கே பணம் போனால் இப்படித்தான் நிற்கும்.

ஐந்தொகை:
வெள்ள நிதிக்கு இரண்டு பக்கக் கணக்கு போதும். ஒரு பக்கம் ரசீது எண் வாரியாக வரவு. மறுபக்கம் தேதி, பொருள், அளவு, கடை, பில் எண், எந்தத் தெருவில் யார் முன்னிலையில் கொடுத்தது. '500 பேருக்கு நிவாரணம்' என்று மொத்தமாக எழுதாதீர்கள். 'அரிசி 5 கிலோ வீதம் 212 குடும்பம், கையெழுத்துப் பட்டியல் 9 தாள்' என்று எழுதினால் யாராலும் கேள்வி கேட்க முடியாது. முடிந்ததும் அதை அலுவலக வாசலில் ஒட்டி, வசூல் செய்த கடைகளுக்கு ஒவ்வொரு நகல் கொடுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
தீர்மானக் குறிப்பேடு பற்றி யாரும் விவரமாக எழுதவில்லை. தனித்தாளில் டைப் அடித்து பைலில் கோத்து வைத்தால் செல்லுமா?

வழக்கேடு:
செல்லாது என்று சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் விழுவது அதுதான். நடுவில் ஒரு தாளை மாற்றிவிடலாம். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு வாங்குங்கள். வந்தவர்கள் கூட்டம் தொடங்கும்போதே கையெழுத்துப் போடட்டும், வீடு வீடாகப் பிறகு வாங்குவது வேண்டாம். ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் எழுதும்வரை பக்கத்தில் காலி இடம் விடாதீர்கள், மிச்சம் இருந்தால் குறுக்குக் கோடு இழுத்துத் தலைவர் சுருக்கொப்பம் போட வேண்டும். பின்னால் நுழைக்கிற தீர்மானங்கள் எல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் உட்காரும்.

தீர்மானத்தில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்ற ஒரு வரி போதாது. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எதிர்த்தவர் உண்டா, எந்தத் தொகை, எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதிக்குள், இத்தனையும் வேண்டும். டைப் அடித்தே தீர வேண்டும் என்றால் தாளை நோட்டில் ஒட்டி, பாதிக் கையெழுத்து தாளிலும் பாதி நோட்டிலும் விழுகிற மாதிரி நான்கு ஓரத்திலும் போடுங்கள்.